முட்டி போட்டுப் பார்த்தால் தெரியும்: பள்ளிக் கதவுகள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் வீட்டுக் கதவுப் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களிலிருந்து. தலைமையாசிரியர்கள், பெற்றோர், பள்ளிக்கூட வேலை முதன்முதலாகக் கையில் வந்திருக்கும் ஓர் இளம் தச்சர். வீட்டுக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இவற்றை முதலில் எடுக்கிறேன். வீட்டுக் கதவை நாலு பேர் திறந்து மூடுகிறார்கள். வகுப்பறைக் கதவில் நாற்பது பிள்ளைகள் இடித்து, தொங்கி, முட்டி விளையாடுகிறார்கள். அதன் பாடு வேறு. கடலூர் முதுநகரில் அப்பாவின் பட்டறையில் இழைப்புளி பிடிக்கக் கற்று, பிறகு புதுச்சேரியில் ஒரு கல்வி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் 29 ஆண்டுகள் கதவோடு கிடந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பறைக் கதவு ஐப்பசி மழையிலிருந்து அடியில் உரசுகிறது. பிள்ளைகள் தோளால் முட்டித் தள்ளுகிறார்கள். ஆசாரி வந்து பார்த்து, அடியில் அரை அங்குலம் இழைத்தால் சரியாகிவிடும் என்கிறார். இழைக்கச் சொல்லட்டுமா?
— தலைமையாசிரியை, கடலூர் முதுநகர்

இப்போது வேண்டாம் டீச்சர். இழைத்த மரம் திரும்ப வராது. முதலில் நோய் எதில் என்று பார்த்துவிடுவோம்.

மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் ஊதும். நீளத்தில் ஊதுவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். உங்கள் கதவின் இரண்டு பக்கச் சட்டங்களும் மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் ஓடும் மரம். அதனால் மழையில் கதவு அகலத்தில் இறுகலாம், உயரத்தில் வளராது. அடி உரசுகிறது என்றால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். கீலைப் பாருங்கள்.

பார்க்கும் விதம் சுலபம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் 'டக்'கென்று அசைந்தால் அங்கேதான் கோளாறு. இன்னோர் அடையாளமும் உண்டு. தொங்கிய கதவு பூட்டுப் பக்கத்தின் மேல் மூலையில் நிலையோடு தேய்ந்து, அங்கே பெயிண்ட் போயிருக்கும். ஊதிய கதவோ பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்ந்திருக்கும்.

மேல் கீலின் ஸ்க்ரூவைக் கழற்றினால், பத்துக்கு ஏழு இடத்தில், அது திருப்பி ஏற்றிய ஸ்க்ரூவாக இருக்காது. சுத்தியலால் அடித்து இறக்கிய ஸ்க்ரூவாக இருக்கும். அடித்து இறக்கினால் ஸ்க்ரூவின் புரி மரத்தின் நாரைக் கிழித்துவிடும். அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆறு மாதத்தில் ஆடும். அப்பா பட்டறையில் ஸ்க்ரூ இறக்கச் சுத்தியலை எடுத்தால் முதுகில் ஒன்று விழும்.

சரிசெய்ய: கதவின் அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஓட்டையில் தேக்குச் சிம்பு சீவிப் பெவிகால் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய துளை போட்டு, 2 அங்குல ஸ்க்ரூவை மெழுகுவர்த்தியில் தேய்த்துத் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். ஒரு அங்குல ஸ்க்ரூ நிலையின் மேல்தோலைத்தான் பிடிக்கும். இரண்டு அங்குலம் உடம்பைப் பிடிக்கும். 7 அடிக் கதவுக்கு இரண்டு கீல்தான் இருக்கிறதென்றால் மூன்றாவது ஒன்று சேருங்கள். அதை நட்டநடுவில் வைப்பதை விட மேல் கீலுக்குக் கொஞ்சம் பக்கமாக வைத்தால் நல்லது. இழுப்பெல்லாம் மேலேதான்.

பக்கவாட்டிலும் உரசினால் மாசி, பங்குனிவரை பொறுங்கள். மழையில் இழைத்த கதவு சித்திரையில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும், பிறகு பூட்டு மாட்டாது. காய்ந்த பிறகு, ஒரு தீக்குச்சி தாராளமாகப் போய்வரும் அளவுக்கு மட்டும் சீவினால் போதும். சீவிய இடத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். கதவைக் கழற்றியிருக்கும்போதே தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் சேர்த்து அடித்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கதவு தண்ணீர் குடிக்கிற வாய் அந்த அடிப்பக்கம்தான்.

தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் பள்ளி. புதுக் கீல் போட்டால் ஒரே வருடத்தில் துரு வழிகிறது. கடையில் 'எஸ்.எஸ்.' என்று சொல்லி வாங்கிய கீலும் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
— உடற்கல்வி ஆசிரியர், கடலூர்

எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காத எஃகு; அது ஒரே பொருள் கிடையாது சார். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202 ரகம். அதற்கு மேல் 304. அதற்கும் மேல் 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கும். கடல் காற்றில் வரும் உப்பின் குளோரைடு எஃகின் மேல்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அதைத் தாங்க வைப்பது இந்த மாலிப்டினம். 202 உங்கள் ஊரில் நிற்காது. 304 தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும், ஆனால் துடைத்துக்கொண்டே இருந்தால் பல வருடம் உழைக்கும். காந்தம் வைத்துச் சோதிப்பதாகச் சொல்வார்கள். காந்தம் சாதா இரும்பைக் காட்டிக்கொடுக்கும்; 202-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்லாது. கீலில் ரகத்தின் எண் பொறித்திருக்கிறதா பாருங்கள், பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

எல்லாக் கதவுக்கும் 316 வாங்கப் பள்ளியில் பணம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். கடலைப் பார்த்த வராந்தாக் கதவுகளுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் அதை வாங்குங்கள், உள் அறைகளுக்கு 304 போதும். பித்தளையும் நன்றாக நிற்கும். மேலே களிம்பு ஏறும், உள்ளே உறுதி போகாது. ஆனால் விடுமுறையில் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. நல்ல எஸ்.எஸ். கீலை இரும்பு ஸ்க்ரூவால் மாட்டாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் இரும்புதான் முதலில் கரையும். கீல் பளபளவென்று இருக்க, கதவு கழன்று விழும். நீங்கள் பார்த்த துரு வழிசல் ஸ்க்ரூ தலையிலிருந்து தொடங்கியிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துக் கீலைத் துடையுங்கள். செலவில்லாத வேலை, இதுபோல் பலன் தருவது வேறில்லை. கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பூட்டின் சாவித் துவாரத்துக்கு எண்ணெயே வேண்டாம். பென்சில் முனையைச் சீவிய தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே பயப்படுகிறாள், சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டு வருகிறாள். கேட்டால், 'தாழ்ப்பாள் திறக்க வரலைம்மா' என்கிறாள். இதை எப்படிப் பள்ளியில் கேட்பது என்று தெரியவில்லை.
— ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, தயங்காமல் கேளுங்கள். கேட்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். காரணம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொடக்கப்பள்ளிக் கழிப்பறைக்கு நானே புதுக் கதவு மாட்டினேன். டவர் போல்ட்டை, அதாவது கம்பியை நகர்த்திப் போடும் தாழை, எனக்கு வசதியான உயரத்தில், நாலடியில், பொருத்தினேன். புது போல்ட், இறுக்கமாக ஓடியது. இறுக்கம்தான் நல்ல வேலை என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண் எம்பி நின்று தாழ் போட்டுவிட்டாள், திரும்ப இழுக்க முடியவில்லை. வராந்தாவில் சத்தம், அழுகை யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பாட வேளை முழுக்க உள்ளேயே நின்றிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், நான்தான் போய்த் திறந்தேன். அவள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு சிறுபிள்ளைகள் கதவில் எதைப் பொருத்தினாலும் தரையில் முட்டி போட்டு, என் கண்ணை அவர்கள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்துதான் அளவு குறிப்பேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் வைத்து நகருகிறதா என்று பார்ப்பேன்.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது இவை. தாழ் இரண்டரை அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. டவர் போல்ட்டுக்குப் பதிலாக, உள்ளே திருகினால் மூடி, அவசரத்தில் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரியான தாழ் கிடைக்கிறது; அதைப் போடச் சொல்லுங்கள். கதவின் அடியில் அரை அடி இடைவெளி விட வேண்டும். உள்ளே நிற்கும் பிள்ளையின் கால் தெரியும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கதவும் ஊறாது. பழைய டவர் போல்ட்டை இன்றே மாற்ற முடியாவிட்டால், நிலையில் போல்ட் போய் நுழையும் ஓட்டையை அரத்தால் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாலே பாதி இறுக்கம் போய்விடும். பத்து நிமிட வேலை. அதுவரை வகுப்புத் தோழி ஒருத்தி வெளியே நிற்கட்டும், தாழ் போட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். அடக்கிக்கொள்வதால் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரலாம், கதவுக்காக அது வரவே கூடாது.

எங்கள் கூட்ட அரங்குக்கு இரண்டு கதவு. வெளியாட்கள் நுழைகிறார்கள் என்று பின்கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பாதுகாப்புக்குத்தானே, தவறா?
— தனியார் பள்ளி அலுவலகப் பணியாளர், வில்லியனூர்

தவறு. இதழ் கைக்கு வந்த அன்றைக்கே அந்தப் பூட்டைக் கழற்றுங்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். ஓலைக்கூரையில் பற்றிய தீ, ஓட வழியில்லாத குறுகிய படிக்கட்டு. நம் மாநிலங்களில் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி யார் பேசினாலும் அந்த நாளிலிருந்துதான் பேச வேண்டும். அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முன்னால் இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரில், 1883-ல், ஓர் அரங்கில் பரிசு வாங்க மாடியிலிருந்து இறங்கி ஓடிய பிள்ளைகள் முன்னால் ஒரு கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து தாழிடப்பட்டிருந்தது. தீ கிடையாது, புகை கிடையாது. நெரிசலிலேயே 183 பிள்ளைகள் இறந்தார்கள். குறுக்குக் கம்பியை உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் 'பேனிக் பார்' கதவுகள் அந்தச் சாவுக்குப் பிறகுதான் அங்கே உருவாகின.

நம் நாட்டு 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதையே சொல்கிறது: வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அகலம் 1000 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கூட்டம் கூடும் அரங்கு என்றால் 2000 மி.மீ.

வெளியாள் நுழையும் பயம் நியாயமானது. அதற்கு வழி பேனிக் பார்தான். வெளியிலிருந்து கைப்பிடியே இல்லை, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். அது வாங்கும்வரை பின்கதவுக்கு உள்பக்கம் மட்டும் தாழ் வைத்து, அரங்கில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவரை அங்கே உட்கார வையுங்கள்.

வகுப்பறைகளுக்கும் ஒரு வார்த்தை. வெளிப்பக்கம் ஆல்ட்ராப், அதாவது பூட்டு மாட்டுகிற பெரிய இழுப்புத் தாழ், இருக்கும். விளையாட்டுக்கு யாரோ ஒரு பையன் இழுத்துப் போட்டால் உள்ளே நாற்பது பேர் சிறை. காலையில் அறையைத் திறந்ததும், ஆல்ட்ராப்பைத் திறந்த நிலையில் வைத்து அதன் வளையத்திலேயே பூட்டைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். சாயங்காலம்வரை யாராலும் அதை நகர்த்த முடியாது, பூட்டும் தொலையாது. நான் வேலை பார்த்த இடத்தில் காவலாளிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

மதியம் கடல் காற்று தொடங்கினால் கதவு அறைகிறது. போன மாதம் ஒரு மாணவனின் விரல் நுனி நசுங்கிவிட்டது. டோர் குளோசர் போட்டால் தீருமா?
— கணித ஆசிரியர், முத்தியால்பேட்டை

கதவைத் தானாக மெல்ல மூடும் குளோசர் மட்டும் போதாது. விரல் நசுங்குவது பூட்டுப் பக்கம் என்று நினைக்கிறோம். கொடிய இடம் கீல் பக்கம். கதவின் ஓரத்தில் ஒரு கை அழுத்தம் கொடுத்தால் கீல் ஓரத்தில் அது பல மடங்காகும், நெம்புகோல் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. மழலையர் வகுப்புகளில் கீல் பக்க இடுக்கை நாலடி உயரம்வரை ரப்பர் தகட்டால் மூடுங்கள். தகட்டின் அடி தரையிலிருந்து தொடங்கட்டும், தவழும் பிள்ளையும் இருக்கும்.

பூட்டுப் பக்கத்துக்கு, திறந்த கதவைச் சுவரோடு பிடிக்கும் கொக்கி போதும். பாட நேரம் முழுக்கக் கதவு கொக்கியில்தான் இருக்க வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அதற்குப் பிறகு நான் சுற்றிப் பார்த்த கட்டடங்களில், மேலும் கீழும் தாழ் போட்ட கதவுகள் நின்றிருந்தன. நடுவில் ஆல்ட்ராப் மட்டும் போட்டவை அறைந்து அறைந்து சட்டம் பிளந்து கிடந்தன. காற்றைத் தாங்குவது பூட்டு இல்லை, மேல் தாழும் கீழ்த் தாழும்தான்.

குளோசர் போடுவதாக இருந்தால் அதில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று மூடும் வேகம், மற்றது கடைசி ஒரு சாணில் இறுகும் வேகம். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். முழுக்கக் கழற்றினால் எண்ணெய் வெளியே வந்து குளோசர் செத்துப்போகும்.

வெள்ளையர் தெருக்களில் இருக்கும் பழைய கட்டடம் எங்கள் பள்ளி. சட்டர் வைத்த ஆளுயரத் தேக்குக் கதவுகள் அடியில் மக்கிவிட்டன. நிர்வாகம் எல்லாவற்றையும் அலுமினியமாக மாற்றப் பார்க்கிறது.
— ஆசிரியை, புதுச்சேரி

தடுத்து நிறுத்துங்கள். அந்தத் தேக்கு இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மக்கியது பெரும்பாலும் அடி ஒரு சாண்தான். அதைச் சாய்வாக வெட்டி, பழைய தேக்கையே ஒட்டுப் போட்டு, மரத்தாலேயே முளை அடித்தால் இன்னொரு தலைமுறை நிற்கும். சட்டர் பலகைகளை அடைத்துவிடாதீர்கள், கதவை மூடிய பிறகும் அறைக்குக் காற்று வருவது அவற்றால்தான்.

ஒரு எச்சரிக்கை. பல அடுக்குப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 2017 நவம்பரிலிருந்துதான் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புக்காகிதம் போட்டு உலரத் தேய்க்க விடாதீர்கள். விடுமுறையில், தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, கீழே விரித்த தாளோடு சுருட்டி அகற்ற வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நாளில் அந்த வேலை கூடவே கூடாது.

சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு வகுப்பறைக் கதவு பத்தவில்லை. சுவரை இடிக்க அனுமதி வரத் தாமதமாகும். இப்போதைக்கு என்ன செய்யலாம்?
— பட்டதாரி ஆசிரியர், பண்ருட்டி

வேண்டியது 900 மி.மீ. தடையில்லாத அகலம். கதவைத் திறந்து வைத்து, நிலைக்கும் கதவின் முகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். சிறிதளவுதான் குறைகிறது என்றால், கதவை நிலையை விட்டு முழுக்க விலக்கி வைக்கும் பார்லிமென்ட் கீல் போட்டால் கதவின் கனம் அளவுக்கு, ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். கதவு சுவரோடு படிந்துவிடுவதால் வராந்தாவையும் மறைக்காது. கீழே குறுக்குப்படி இருந்தால் அறுத்து எடுத்துவிட்டு, மேடு 12 மி.மீ.க்கு மிகாமல் சரிவாகப் பூசுங்கள். அடுத்து இடித்துக் கட்டும்போது நிலையின் வெளியளவு மூன்றரை அடி என்று எழுதிக் கொடுங்கள். மூன்றடி நிலை என்று எழுதினால் மறுபடி இதே கதைதான். உருண்டைக் குமிழ் இருந்தால் நீளக் கைப்பிடியாக மாற்றுங்கள்; விரலை மடக்க முடியாதவரும் முழங்கையால் திறக்கலாம். அனுமதி வரும்வரை அந்த வகுப்பையே அகலக் கதவுள்ள அறைக்கு மாற்றுங்கள். அந்தப் பெண் ஒருநாள்கூட வெளியே காத்திருக்க வேண்டாம்.

அண்ணே, முதன்முதலாக ஒரு பள்ளியில் எல்லாக் கதவையும் பார்த்துச் சரிசெய்யும் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தம் 46 கதவு. எங்கே தொடங்குவது?
— இளம் தச்சர், குறிஞ்சிப்பாடி

நல்ல வேலை தம்பி. மே மாதம் செய், மரம் காய்ந்திருக்கும், பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். முதல் நாள் கருவிப்பெட்டியைத் தொடாதே. ஒவ்வொரு கதவின் மேல்சட்டத்திலும் எண் எழுதி, ஒரு நோட்டில் எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. எத்தனை கீல், என்ன அளவு, எது உரசுகிறது, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிறதா என்று எழுது. பெயிண்ட், அழகு எல்லாம் கடைசி. முதலில் திறக்காத கதவு, பிறகு தொங்கும் கதவு, பிறகு அறையும் கதவு. கழற்றிய கீல்களை எண்ணோடு தனித்தனிப் பையில் போட்டு வை, 46 கதவிலும் நிலையின் வெட்டு ஒன்றுபோல இருக்காது. ஃப்ளஷ் டோரை, அதாவது இரு பக்கமும் ஏடு ஒட்டிய தட்டைக் கதவை, சீவ வேண்டி வந்தால் ஓரத்து மரப்பட்டிக்குள் நின்றுகொள். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் துண்டு மரம் தெரியும், முதல் மழையில் ஏடு ஏடாகப் பிரியும். அந்த நோட்டின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வா, அடுத்து வருகிறவருக்கு உதவும்.

ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து தொடங்கு. உட்கார்ந்து அளவெடுக்க ஒரு சாக்கு கொண்டு போ, தரை முட்டியை வலிக்கும்.